துருவைப் பார்க்காதீர்கள், விரிசலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்கினால் பட்டறைகளிலும் வீடுகளிலும் பரண் ஒழிக்கும் வேலை தொடங்கிவிடும். தாத்தா காலத்து இழைப்புளி (மரத்தை இழைத்துச் சமமாக்கும் கருவி), உளி, வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறை இடுக்கி), ரம்பம் எல்லாம் உடைந்த கம்பி, தகரத்தோடு சாக்கில் ஏறிக் காயலான் கடைத் தராசுக்குப் போகின்றன. ஐந்தாம் எண் அளவு இரும்பு இழைப்புளி ஒன்று இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எடைக்குப் போட்டால் அறுபது, எழுபது ரூபாய் தேறினாலே அதிகம். அதே தரத்தில் புதிது வாங்க ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டும். உருக்காலைக்குப் போகாமல் தப்பியவை சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, கோவையில் உக்கடம் பழைய சாமான் கடைகள் போன்ற இடங்களில் தார்ப்பாய்மேல் வந்து கிடக்கின்றன. அங்கும் பலர் துருவைக் கண்டதும் நகர்ந்துவிடுகிறார்கள். வெள்ளி பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்ததைக் கையில் எடுக்கிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. துரு பெரும்பாலும் ஒரு ராத்திரியில் போய்விடும். விரிசல், முறுக்கு, சூடேறிக் கெட்ட எஃகு இவைதான் திரும்ப வராதவை. தச்சு வேலை பழகுபவர்களும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் பிள்ளைகளும் கையில் இருக்கிற காசுக்கு நல்ல கருவி சேர்க்க உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

சந்தைக்குக் கிளம்பும்போது ஒரு பழந்துணி, சாக்பீஸ், சின்னக் காந்தம், நேரான எஃகு ஸ்கேல், டார்ச், கூர் தேயாத சிறிய அரம், புதிய 6202 பேரிங் ஒன்று இவற்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது.

இரும்பு இழைப்புளியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அதன் உடல் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் நெளியாது, விரியும். விரிசல் பெரும்பாலும் வாயில், அதாவது வெட்டும் தகடு எட்டிப் பார்க்கும் பிளவின் இரண்டு மூலைகளில் தொடங்கிப் பக்கச் சுவரில் ஏறும். கழிவு ஆயில் பூசி வைத்திருந்தால் மயிரிழை விரிசல் கண்ணுக்குப் படாது. ஆனால் அந்த ஆயிலே அதைக் காட்டிக்கொடுக்கும். துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, வாயைச் சுற்றியும் பக்கச் சுவர்களிலும் சாக்பீஸைத் தேய்த்து இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே தேங்கிய ஆயில் கசிந்து, வெள்ளைப் பூச்சில் கருப்புக் கோடாக எழும்பும். கோடு தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வைத்துவிடுங்கள். வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்தால் சூட்டில் அடித்தளம் கோணிக்கொள்ளும். அதைச் சமப்படுத்தும் செலவில் வேறு ஒன்றே வாங்கலாம்.

அடுத்து அடித்தளம். ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். முன்முனை, வாய்க்கு முன்னால் உள்ள பகுதி, பின்முனை ஆகிய மூன்றும் ஸ்கேலைத் தொட்டால் போதும். இடையில் மெல்லிய வெளிச்சம் தெரிந்தால் பாதகமில்லை. வாய்க்கு முன்னால் குழிந்திருந்தால்தான் வேலை கெடும். அந்த இடம்தான் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு தகட்டுக்கு முன்னால் போக வேண்டும். அது தொடாவிட்டால் மரம் பிய்ந்துகொண்டு வரும். அரை மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் கையால் தேய்த்து எடுப்பது நாள்கணக்கில் இழுக்கும் வேலை.

பிறகு பாகங்களை எண்ணுங்கள். தகடு, அதன் முதுகில் திருகும் சுருள்முறிப்பான், மேலே அழுத்தும் மூடி, ஆழம் வைக்கும் பித்தளைச் சக்கரம், தகட்டை இடம் வலம் நகர்த்தும் நெம்புகோல், இரண்டு கைப்பிடிகள். கைப்பிடி உடைந்திருந்தால் கவலை வேண்டாம், பூவரசிலோ வேங்கையிலோ செதுக்கிக்கொள்ளலாம். திருகு காணாமல் போயிருந்தால் யோசியுங்கள். ஸ்டான்லி கம்பெனி வகை இழைப்புளிகளின் மரை (திருகின் புரி), ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்5, எம்6 என்ற மெட்ரிக் அளவு மரையோடு ஒத்துப்போகாது. கட்டாயமாகத் திருகினால் வார்ப்பிரும்பில் உள்ள மரை பொடிந்துவிடும். அமெரிக்காவில் வார்த்த பழைய ஸ்டான்லி சிலவற்றின் உடலில் 1902, 1910-ஆம் ஆண்டுக் காப்புரிமைத் தேதிகள் வார்ப்பிலேயே இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்ட், நம் நாட்டு அனந்த் இழைப்புளிகளும் கண்ணில் படும். பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. மேலே சொன்ன உடல், அடித்தளம், பாகங்கள் மூன்றும் சரியாக இருந்தால் எந்தப் பெயரும் வேலை செய்யும்.

தகட்டைத் தனியே கழற்றிப் பாருங்கள். கூர் வரும் பக்கத்தில் சாய்வில்லாத தட்டையான முகம் இருக்கிறதே, அதில் விளிம்பிலிருந்து ஒரு அங்குலத்துக்குள் துரு தின்ற பொட்டுக்குழிகள் இருக்கின்றனவா என்று நகத்தால் தடவுங்கள். கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. தட்டை முகத்தில் குழி இருந்தால், தீட்டத் தீட்ட அந்தக் கோட்டில் பல் விழுந்துகொண்டே இருக்கும், இழைத்த மரத்தில் கீறல் கீறலாகத் தெரியும். சாய்வு முகத்தில் உள்ள குழி ஒன்றும் செய்யாது. சாணை பிடித்தால் போய்விடும். உளிக்கும் இதே விதிதான்.

மரத்தாலான பழைய இழைப்புளிகளில் வண்டு துளையும் ஆப்பு உட்காரும் இடத்தில் பிளவும் இல்லாமல் இருந்தால் வாங்கலாம். மரம் போயிருந்தாலும் தகட்டுக்காகவே வாங்கலாம். தடித்த நல்ல தகடுகள் அவற்றில் இருக்கும்.

உளியில் பார்க்க வேண்டியது எஃகு எவ்வளவு மிச்சம் என்பது. பழைய உளிகள் சிலவற்றில் இரும்பு முதுகின்மேல் மெல்லிய எஃகுப் பட்டையை உலையில் ஒட்டியிருப்பார்கள். சாய்வு முகத்தைத் துணியால் தேய்த்தால் இரண்டு நிறங்களாகத் தெரியும். எஃகுப் பட்டை கைப்பிடிப் பக்கம் எதுவரை ஓடுகிறதோ அதுவரைதான் உளிக்கு ஆயுள். லாரி வில்பட்டையில் கொல்லர் அடித்த உளிகளும் நிறைய வரும். பதம், அதாவது எஃகுக்கு ஏற்றிய கடினம், சரியாக இருந்தால் நன்றாக உழைக்கும். பதத்தைச் சோதிக்கத்தான் அரம். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, கூர் முனையின் ஓரத்தில் லேசாக ஒரு தடவை இழுங்கள். அரம் வழுக்கினாலோ சிரமப்பட்டுக் கடித்தாலோ பதம் இருக்கிறது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் பதம் இறங்கிவிட்டது. முனையில் நீலம் படிந்திருந்தால் யாரோ கிரைண்டரில் சூடேற்றிக் கெடுத்திருக்கிறார்கள். அந்த நீலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் என்றால் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அதைத் தாண்டிச் சாணை பிடித்தால் உள்ளே நல்ல எஃகு வரும். விரல் நீளத்துக்கு நீலம் ஏறியிருந்தால் வேண்டாம். பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கி விற்பதும் உண்டு. அரத்துக்கு வைத்த கடினம் உளிக்கு அதிகம். சுத்தியல் அடியில் சிதறிக் கண்ணில் தெறிக்கும். பக்கங்களில் அரத்தின் பல் வரிகள் மங்கலாகத் தெரிந்தால் அதுதான்.

கை ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பல்வரிசை வழியே பாருங்கள். நீளமாக வில்போல் வளைந்திருந்தால் எதிர்ப்பக்கம் நிதானமாக வளைத்து நிமிர்த்தலாம். ஒரே இடத்தில் முறிந்த மடிப்பு இருந்தால் எடுக்க வராது. ஒவ்வொரு இழுப்பிலும் அந்த இடம் மரத்தில் சிக்கும். பல் நுனிகள் மட்டும் கருநீலமாக இருந்தால் அது புதிய ரகம். நுனியை மின்சாரச் சூட்டால் கடினமாக்கியிருப்பார்கள், முக்கோண அரம் அதில் பிடிக்காது. மழுங்கினால் தூக்கிப்போட வேண்டியதுதான். பழைய ரம்பத்தைத் திரும்பத் திரும்ப அரம் போட்டுப் பல் தீட்டலாம் என்பதே அதை வாங்கக் காரணம். அங்குலத்துக்கு எட்டுப் பல் உள்ள ரம்பத்துக்கு ஆறு அங்குல மெல்லிய முக்கோண அரம் சரியாக இருக்கும்.

சுத்தியல், வாய்ச்சி, கோடாலி இவற்றில் தலை நன்றாக இருந்தால் போதும், பிடி புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். கருவேலம் இதற்கு நல்ல மரம். ஆடுகிற பிடியைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மரம் ஊதி அப்போதைக்கு இறுகும். ஊதும்போது இரும்புக்குள் நசுங்கிய நார், காய்ந்ததும் முன்பைவிடச் சுருங்கிப் போகும், தலை பறக்கும். புதிய ஆப்பு அடித்து ஆளிவிதை எண்ணெய் தடவுவதுதான் முறை. இரும்பு வெட்டும் உளியின் தலை அடிபட்டுக் காளானாக விரிந்திருந்தால் வாங்கிய அன்றே அந்த விளிம்பைச் சாணையில் எடுத்துவிடுங்கள். அடிக்கும்போது துணுக்கு தெறிக்கும்.

வைஸ் வாங்கும்போது பிடியைச் சுழற்றி, திரும்புவதற்கும் தாடை நகரத் தொடங்குவதற்கும் இடையில் எவ்வளவு வெற்றுச் சுற்று போகிறது என்று பாருங்கள். கால் சுற்று வரை சரி. அரைச் சுற்றைத் தாண்டினால் உள்ளே நட்டின் மரை தேய்ந்திருக்கிறது. தாடைகளுக்கு இடையே இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு காகிதத் துண்டு வைத்து இறுக்கி இழுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் உருவிக்கொண்டு வந்தால் தாடை கோணல். நகரும் பகுதியின் அடியைக் கட்டாயம் பாருங்கள். குழாய் செருகி இறுக்கிய வைஸ் அங்கேதான் உடையும், உடைந்ததைப் பித்தளை வைத்து ஒட்டி மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். பழைய வைஸில் கெட்டியான புதுப் பெயின்ட் இருந்தாலே அந்த இடத்தை அரத்தால் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மஞ்சள் கோடு தெரிந்தால் ஒட்டுப்போட்டது. தாடைத் தகடு மட்டும் தேய்ந்தது குறையே இல்லை, லேத்தில் புதிதாகச் செய்து திருகலாம்.

ஸ்பேனரில் ஒரு குழப்பம் உண்டு. நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இல் வந்தது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் அங்குல ஸ்பேனர்கள் புழங்கின. அவற்றில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல வகையின்மேல் பொறித்த எண், போல்ட் தலையின் அகலம் அல்ல. போல்ட் தண்டின் விட்டம். 1/4 என்று போட்ட விட்வொர்த் ஸ்பேனரின் வாய் ஏறக்குறைய 13.3 மில்லிமீட்டர் இருக்கும், 3/8 என்றால் சுமார் 18. இது தெரியாமல் அளவு தப்பென்று ஒதுக்குகிறார்கள், அல்லது தலை 13 மில்லிமீட்டர் உள்ள போல்ட்டுக்கு 1/4 ஸ்பேனரைப் போட்டு முனைகளை மழுக்குகிறார்கள். பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர்கள் விட்வொர்த் ஸ்பேனரைப் பார்த்தால் விடவே கூடாது. எந்த ஸ்பேனரிலும் வாய் விரிந்திருக்கிறதா என்று வெர்னியரால் (நுண்ணிய அளவுக் கருவி) வாயின் உள்பக்கமும் வெளி முனையிலும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லாவிட்டால் விரிந்தது.

வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வாங்கத்தான் பேரிங். 6202 பேரிங்கின் வெளி விட்டம் 35 மில்லிமீட்டர், உள் விட்டம் 15, தடிமன் 11. சீலிங் ஃபேனில் போடும் சாதாரண பேரிங்தான், ஆனால் வெளி, உள் விட்டங்கள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு சுத்தமாக இருக்கும். வெர்னியரின் வெளித்தாடை, உள்தாடை, ஆழக்கம்பி மூன்றையும் இந்த ஒரு பொருளிலேயே சோதித்துவிடலாம். தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியக் கூடாது. மூலைமட்டத்துக்கு இன்னும் எளிது. நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு, திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. ரசமட்டம், தூக்குக்குண்டு பித்தளை என்று சொன்னால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் மேலே முலாம்தான்.

இனி துரு எடுப்பது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். முதலில் ஆயில் பிசுக்கை சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பிசுக்கு உள்ள இடத்தில் கரைசல் இறங்காது, பலர் “ஊறப்போட்டும் போகவில்லை” என்பது இதனால்தான். பித்தளைப் பாகங்களைக் கழற்றித் தனியே வையுங்கள். சேர்ந்து ஊறினால் இரும்பின்மேல் செம்பு படியும். ஆறு மணி நேரத்தில் ஒருமுறை எடுத்துக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு ராத்திரி போதும். இரண்டு மூன்று நாள் மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். எடுத்ததும் லிட்டருக்கு ஒரு கரண்டி ஆப்பச் சோடா கலந்த தண்ணீரில் முக்கி, துடைத்து, வெயிலில் சூடேற்றி, சூட்டோடு தையல் மிஷின் எண்ணெய் தடவ வேண்டும். கடற்காற்று அடிக்கும் ஊர்களில் இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட்டால் கண்முன்னாலேயே மஞ்சள் துரு திரும்பப் பூக்கும்.

கழிப்பறை ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள். அது துருவோடு எஃகையும் தின்னும்; ரம்பத் தகடு, ஸ்பிரிங் போன்ற பதமேற்றிய எஃகை நொறுங்கும்படி ஆக்கும்; அதன் ஆவி பட்டு அதே அறையில் இருக்கும் மற்ற கருவிகளும் துருப்பிடிக்கும். வைஸ் போன்ற பெரிய பொருளுக்கு, தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையைக் கருவியிலும், பிளஸ் முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் கொடுத்துத் துருவை உரிக்கலாம். முனைகளை மாற்றிக் கொடுத்தால் கருவிதான் கரையும். தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் வெட்டவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். பழைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

இழைப்புளியின் அடித்தளத்தைச் சமப்படுத்த, கண்ணாடிக் கடையில் 8 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு வாங்கி, அதன்மேல் 80, 120, 220 எண் உப்புத்தாள்களை வரிசையாக ஒட்டித் தேய்க்க வேண்டும். தகட்டை உள்ளே இழுத்து வைத்து, மூடியை வழக்கம்போல் இறுக்கிய பிறகே தேய்க்கவும். மூடியின் அழுத்தத்தில் உடல் இம்மியளவு வளையும். வெறும் உடலைத் தேய்த்துச் சமமாக்கினால், இறுக்கியதும் மறுபடி மேடு வந்துவிடும். அடியில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டால் எங்கே தேய்கிறது என்று தெரியும். தகட்டை 25 டிகிரி சாய்வில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் கல்லில் தீட்டுங்கள். சுருள்முறிப்பான் தகட்டோடு சேரும் விளிம்பில் வெளிச்சம் புகுந்தால் அதையும் கல்லில் தேய்த்து ஒட்ட வையுங்கள், இல்லாவிட்டால் சுருள் இடையில் புகுந்து வாய் அடைத்துக்கொள்ளும்.

விலை பேசும்போது ஒவ்வொன்றாகக் கேட்பதைவிட நாலைந்து பொருளைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கேட்டால் படியும். ஆனால் ரயில்வேயின் முத்திரையோ அரசுத் தொழிற்சாலையின் பெயரோ பொறித்த கருவியை வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவிலும் குற்றம். ஏலத்தில் எடுத்தது என்றால் அதற்கான ரசீதைக் கேட்டுப் பாருங்கள்.

பட்டறையை மூடும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் உளி, இழைப்புளி, ரம்பம், வைஸ், அளவுக் கருவிகளை மட்டுமாவது தனியே எடுத்து வைத்து, பக்கத்துத் தச்சரிடமோ அருகிலுள்ள ஐ.டி.ஐ. பயிற்றுநரிடமோ காட்டுங்கள். எடை விலையைவிடப் பெரும்பாலும் கூடுதலாகக் கிடைக்கும். அதுவரை எதையும் கழுவவோ பெயின்ட் அடிக்கவோ வேண்டாம். கழன்று கிடக்கும் திருகுகளை டப்பாவில் கொட்டாமல் அதனதன் கருவியிலேயே திருகி வையுங்கள்.

இப்படிக்கு,
கைக்கருவிகள் பழுதுபார்க்கும் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.